தந்தைக்கு முன் மகன் மௌத்தானால்: கடையில் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா?

நமது வியாபாரக் குடும்பங்களில் அடிக்கடி எழும் பிணக்கு இது. கடை வாப்பாவின் பெயரில். அதை உழைத்து வளர்த்தவர் மூத்த மகன். அவர் வாப்பாவுக்கு முன்னரே வபாத்தாகி விடுகிறார். பின்னர் வாப்பாவும் மௌத்தாகிறார். "எங்கள் வாப்பாவின் பங்கு எங்கே?" என்று மூத்தவரின் பிள்ளைகள் கேட்கிறார்கள். "உங்களுக்குப் பங்கில்லை" என்கிறார்கள் சாச்சாமார்.

சட்டப்படி சாச்சாமார் சொல்வது சரியே. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் மரணித்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படியே பங்கிடப்படும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர். அதன்படி ஒரு மகன் உயிரோடிருந்தால், இறந்த மகனின் பிள்ளைகள் பாட்டனாருக்கு வாரிசாக மாட்டார்கள். எகிப்து 1946இலும் பாகிஸ்தான் 1961இலும் இதற்குத் தனிச் சட்டம் இயற்றின. இங்கு அவ்வாறான சட்டம் இல்லை.

ஆனால், வாப்பாவின் சொத்து வேறு, மகனின் சொத்து வேறு. கடையில் மகனுக்குச் சொந்த முதல் இருந்திருந்தால், அது அவர் மௌத்தான அன்றே அவருடைய வாரிசுகளுக்கு உரியதாகிவிடும். உதாரணமாக, கடனும் மஹர் பாக்கியும் போக அவருடைய பங்கு 24 இலட்சம் ரூபா என்போம். மனைவிக்கு எட்டிலொன்று, 3 இலட்சம். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஆறிலொன்று வீதம், தலா 4 இலட்சம். மீதி 13 இலட்சம் ஆண் பிள்ளைக்கு இரு பங்கு, பெண் பிள்ளைக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் அவருடைய பிள்ளைகளுக்கு.

எழுத்து இல்லாவிட்டால் இந்த 24 இலட்சமும் வாப்பாவின் சொத்தாகவே கணக்கில் வரும். அநாதைகளின் பணம் அறியாமலே கைமாறிவிடும்.

எனவே வாப்பாமார் உயிரோடிருக்கும்போதே மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது, கடையில் உழைக்கும் மகன் சம்பளக்காரரா, பங்காளியா என்பதை எழுத்தில் வையுங்கள். பங்காளி என்றால் அவருடைய முதல் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, மகன் மௌத்தானால் தாமதியாமல் கணக்கு முடித்து, அவருடைய பங்கைப் பிரித்துக் கொடுங்கள்.

மூன்றாவது, வாரிசாகாத பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் செய்யுங்கள். மூன்றிலொரு பங்கு வரை செய்யலாம். ஏனைய வாரிசுகளின் சம்மதம் தேவையில்லை. மரணசாசனத்தை நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன், அல்லது ஐந்து சாட்சிகள் முன் ஒப்பமிட வேண்டும். ஹயாத்தோடு இருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். காணியாயின் உறுதி முடிக்க வேண்டும்.

வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால், ஜனாஸா வீட்டிலேயே பிணக்கு ஆரம்பித்துவிடும்.