செராய் மணக்கும் கொத்துக்கறி: வேலை நாளுக்கு ஒரு வியட்நாம் சமையல்

மாலை ஆறரை மணி. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, சுங்கை காடுட் தாமான் வீடுகளுக்கு வண்டிகள் வரிசையாகத் திரும்பும் நேரம். வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்காவது மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான் இருக்கும்: ‘இன்றைக்கு இரவுக்கு என்ன?’ கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், பல நாள் அதற்குப் பதில் கடைச் சாப்பாடுதான். பணமும் போகிறது, வயிறும் கெடுகிறது. பிள்ளைகளின் நாக்கும் கடை ருசிக்குப் பழகிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஒரு பதிலைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். குக்கரில் சோறு வெந்து முடிவதற்குள் தயாராகிவிடும் ஒரு பன்றி இறைச்சிக் கொத்துக்கறி அது. சமையல் முறை வியட்நாமுடையது. மீன் சாஸ் ஒன்றைத் தவிர, மற்ற சாமான்கள் எல்லாம் நம் வீட்டிலும் வேலியோரத்திலும் இருப்பவைதாம்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பன்றிக்கறி என்றாலே ஞாயிற்றுக்கிழமை நினைவுதான் வரும். மரவள்ளிக் கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப்பன்றி அகப்பட்டால் லயத்துக்கே விருந்து. வீட்டுக்குப் பின்புறம் விறகடுப்பு மூட்டி, இஞ்சியும் மிளகும் நிறைய அரைத்துப் போட்டு, கொழுப்பு உருகி மேலே மிதக்கும்வரை வேகவைப்பார்கள். அதற்கென்று ஒரு சட்டி தனியாக இருக்கும். வேலை தொடங்கி இலையில் விழுவதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

அந்தக் குழம்புக்கு ஈடு கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு அதை யார் வைப்பது? ‘பன்றிக்கறி என்றால் பெரிய வேலை’ என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டதால், வார நாள் சமையலில் அதற்கு இடமே இல்லாமல் போனது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஒரு வியட்நாம் சகோதரி. 2000-களில் வியட்நாமிலிருந்து ஏராளமானோர் மலேசியத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். அவரும் அப்படி வந்தவர். அவருடைய மதியச் சாப்பாட்டில் வெள்ளைச் சோறும் வெள்ளரிக்காயும் நிறைய இருக்கும். ஓரத்தில், ஊறுகாய் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக, பழுப்பு நிறத்தில் பளபளவென்று கொத்துக்கறி. இரண்டு மேசைக்கரண்டி கறியை வைத்துக்கொண்டு ஒரு தட்டுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்துவிடுவார். காலையில் எழுந்து இருபது நிமிடத்தில் செய்தேன் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அவரே செய்து காட்டினார்.

அவர்கள் அதை ‘தித் பாம்’ என்கிறார்கள். ‘தித்’ என்றால் இறைச்சி, ‘பாம்’ என்றால் கொத்துவது. அதில் ‘சா’, அதாவது நம் செராய் சேர்ந்தால் மணமே வேறு.

நிப்பா விட்டுப்போன பயம்

நெகிரி செம்பிலானில் பன்றி இறைச்சியைப் பற்றிப் பேசினால், நிப்பாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் மட்டும் அல்ல, இந்த மாநிலத்தில் பல வீடுகளில் அந்த நாள்களோடு பன்றிக்கறி நின்றுபோனது. சிலர் இன்றுவரை தொடுவதில்லை.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. பிறகு நம் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள புக்கிட் பெலாண்டோக் பகுதிக்குப் பரவியது. முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். கொசு மருந்தும் தடுப்பூசியும் அதைத் தடுக்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் உயிரிழந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

அந்தத் துயரத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பயம் எதன்மேல் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. கிருமி பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், நோயுற்ற பன்றியிலிருந்து அதை நெருங்கிக் கையாண்ட பண்ணையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் போனது. சமைத்த இறைச்சியைச் சாப்பிட்டதால் பரவிய நோய் அல்ல அது. 2021-இல் சபாவில் முதலில் உறுதிசெய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ மனிதரைத் தொற்றுவதே இல்லை. அது பன்றிகளுக்கும் பன்றி வளர்ப்பவர்களுக்கும்தான் நட்டம்.

சமையலறையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளே எல்லாம் கலந்துவிடும். அதனால் கொத்துக்கறி எங்கும் இளஞ்சிவப்பு தெரியாமல் முழுதாக வேக வேண்டும். வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸ் என்பது கணக்கு. வாங்கி வந்த கொத்துக்கறியைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் தேவை என்றால் உறைபெட்டியில் வையுங்கள். உறைந்த கறியை மேசைமேல் வைத்து இளக்காமல், முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சைகோனும் புதுச்சேரியும்

‘வியட்நாம் சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழருக்கும் வியட்நாமுக்கும் உறவு புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்காலை ஆண்ட காலத்தில் சைகோனும் அவர்கள் கையில்தான் இருந்தது. பிரெஞ்சு அரசு வேலைக்கும் இராணுவத்துக்கும் வியாபாரத்துக்கும் தமிழர்கள் கப்பலேறிப் போனார்கள். வட்டித் தொழில் செய்த நகரத்தாரும் அங்கே இருந்தார்கள். இன்றைய ஹோ சி மின் நகரில், துருவோங் தின் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில் அவர்கள் விட்டுவந்த அடையாளம். இப்போது வியட்நாமியர்களே அங்கே வரிசையில் நின்று அம்மனைக் கும்பிடுகிறார்கள்.

ஆட்சிகள் மாறியபோது அந்தக் குடும்பங்களில் பல ஊர் திரும்பின. 1975-இல் சைகோன் வீழ்ந்த பிறகும் சிலர் வந்தார்கள். வியட்நாம் பெண்களை மணந்தவர்கள் அவர்களையும் அழைத்து வந்தார்கள். அந்த வீடுகளின் அடுப்பில் வியட்நாம் சமையலும் குடியேறியது. அரிசித் தாளில் கொத்துக்கறியை வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ‘நெம்’ புதுச்சேரியில் இன்றும் அறியப்பட்ட பலகாரம். அங்கே உள்ள தமிழ்ப் பாட்டிமார் எப்போதோ செய்ததைத்தான் நாம் இப்போது செய்யப்போகிறோம்.

நமக்கு இன்னும் வசதி அதிகம். செராய் நம் வீட்டு வேலியோரத்திலேயே வளர்கிறது. மீன் சாஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். நெத்திலி வகை மீனையும் உப்பையும் அடுக்கி, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடிக்கும் சாறு அது. வியட்நாமியர்கள் ‘நுவொக் மாம்’ என்பார்கள். பெலாச்சான் சம்பல் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்த வாசனை அந்நியமாகத் தெரியாது. வாங்கும்போது புட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். மீனும் உப்பும் முதலில் இருந்தால் நல்லது.

தேவையானவை (நான்கு பேருக்கு)

பன்றிக் கொத்துக்கறி – 400 கிராம்
செராய் – 3 தண்டு
சின்ன வெங்காயம் – 6
பூண்டு – 5 பல்
சிலி பாடி – 2 அல்லது 3
மீன் சாஸ் – ஒன்றரை மேசைக்கரண்டி
சீனி – ஒரு மேசைக்கரண்டி
மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
எண்ணெய் – ஒரு மேசைக்கரண்டி
எலுமிச்சை – அரை மூடி
வெங்காயத்தாள் – 2

கறி வாங்கும்போது தோள்பட்டைப் பகுதியைக் கேளுங்கள். கொஞ்சம் கொழுப்பு கலந்திருந்தால்தான் கறி காய்ந்துபோகாது. பாசாரில் வாங்கினால் துண்டைக் காட்டிக் கண்முன்னே கொத்தித் தரச் சொல்லலாம்.

செய்முறை

முதலில் அரிசியைக் களைந்து குக்கரில் வையுங்கள். இனி உங்களுக்கு இருபது நிமிடம் இருக்கிறது.

செராயின் வெளி மடல்கள் இரண்டை உரித்துவிட்டு, அடியில் வெளுத்திருக்கும் நான்கு விரற்கடை அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியின் முதுகால் தட்டி நசுக்கிவிட்டு, மிகப் பொடியாக நறுக்குங்கள். இந்தச் சமையலில் பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். நார் பெரிதாக இருந்தால் பல்லில் சிக்கும், பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். மேல் தண்டை வீசாமல் ரசத்துக்கோ தேநீருக்கோ வைத்துக்கொள்ளலாம். வெங்காயம், பூண்டு, மிளகாயையும் பொடியாக நறுக்குங்கள்.

குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் செராயையும் வெங்காயத்தையும் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். மணம் எழும்பியதும் பூண்டைச் சேருங்கள். பூண்டு கருகக் கூடாது.

இப்போது தீயைக் கூட்டிக் கொத்துக்கறியைப் போட்டுப் பரப்புங்கள். ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்தபின், கரண்டியால் கட்டிகளை உடைத்துக் கிளறுங்கள். கறி தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும். ஐந்து ஆறு நிமிடம் ஆகலாம். நீர் இருக்கும்போதே சீனியைப் போட்டால் கறி இனிப்பாக வேகுமே தவிர, நிறம் பிடிக்காது.

தண்ணீர் வற்றி, கொழுப்பு பிரிந்து சடசடவென்று ஓசை கேட்கும்போது சீனியைத் தூவுங்கள். ஒரு நிமிடத்தில் கறி பழுப்பேறிப் பளபளக்கும். உடனே மீன் சாஸையும் மிளகாயையும் சேர்த்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மீன் சாஸ் சூட்டில் விழும்போது வாசனை தூக்கலாக எழும். சன்னலைத் திறந்து வையுங்கள், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். உப்பு தனியாக வேண்டாம்.

அடுப்பை அணைத்து, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, வெங்காயத்தாள் சேர்த்துப் புரட்டினால் முடிந்தது. சோறும் வெந்திருக்கும்.

சூடான சோறு, அரிந்த வெள்ளரிக்காய், சலாட் இலை, கொஞ்சம் புதினா போதும். எங்கள் வீட்டில் பக்கத்தில் மிளகு ரசமும் இருக்கும். மீதமானால் மறுநாள் காலை ரொட்டிக்குள் வெள்ளரிக்காயோடு வைத்துக் கட்டிக்கொடுக்கலாம். தோசைக்கும் பொருந்தும்.

இதைக் குழம்புபோல் அள்ளிப் போட்டுச் சாப்பிடுவது முறை அல்ல. உப்பும் இனிப்பும் காரமும் தூக்கலாக இருப்பதால் கொஞ்சம் கறிக்கே நிறையச் சோறும் காயும் இறங்கும். 400 கிராம் நான்கு பேருக்குப் போதுவது அதனால்தான். பன்றி இறைச்சியில் பி1 சத்து நிறைய உண்டு. ஆனால் மீன் சாஸில் உப்பும் அதிகம்: ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 1,400 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டிவிடும். வீட்டில் இரத்த அழுத்தக்காரர்கள் இருந்தால் மீன் சாஸைப் பாதியாக்கி, எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு சட்டி

நம் குடும்பங்களில் எல்லாரும் பன்றிக்கறி உண்பதில்லை. எங்கள் வீட்டில் என் மாமியார் தொடமாட்டார். விரதம் இருப்பவர்களும் உண்டு. நண்பர்களில் இஸ்லாமியர்கள் இருப்பார்கள். இதை ஒளித்துச் செய்யவும் வேண்டாம், மற்றவர்மேல் திணிக்கவும் வேண்டாம்.

நாங்கள் ஒரு குவாலி, ஒரு வெட்டுப்பலகை, ஒரு கத்தி மூன்றையும் இதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். கடையில் அதற்கான தனிப் பகுதியில் வாங்கி, தனிப் பையில் கொண்டுவந்து, குளிர்ப்பெட்டியில் மூடிய டப்பாவில் வைக்கிறோம். மாமியாருக்கு அதே செய்முறையில் கோழிக் கொத்துக்கறி, வேறு சட்டியில், முதலில். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விட வேண்டும். சைவம் மட்டும் உண்பவர்களுக்குத் தௌவும் காளானும் நன்றாக வரும். அப்போது மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். அதில் மீன் இருப்பது பலருக்கு நினைவிருக்காது. எனவே கேட்காமலே சொல்லிவிடுவது மரியாதை.

தோட்டத்து வீட்டிலும் அந்தச் சட்டி தனியாகத்தானே இருந்தது? உண்பவரும் உண்ணாதவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த வழக்கம் நமக்குப் பழையது. செய்முறைதான் மாறியிருக்கிறது. இந்த வாரத்தில் ஒரு நாள், கடைச் சாப்பாட்டுக்குக் கைப்பேசியை எடுக்கும் முன் அரிசியைக் குக்கரில் போட்டுவிட்டு, வேலியோரத்தில் மூன்று செராய் ஒடித்து வாருங்கள். மேசைக்குச் சாப்பாடு வந்துசேர எவ்வளவு நேரமானது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.