காலில் புடைத்த நரம்பு: கத்திக்குப் பயப்பட வேண்டுமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படிகள். ஆண்டுதோறும் டிசம்பர் 31-ந் தேதி, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு பக்தர்கள் மலை ஏறுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

அந்தப் படிகளின் ஓரத்தில் சற்று நேரம் நின்று, ஏறுகிறவர்களின் கால்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிய சிலருடைய கெண்டைக்காலில், பச்சையும் நீலமுமாக ஏதோ புடைத்திருக்கும். புழு நெளிவதுபோல வளைந்து வளைந்து கணுக்கால் வரை இறங்கியிருக்கும். சேலை அணிந்த பெண்களுக்கும் இது உண்டு. மறைந்திருப்பதால் வெளியே தெரிவதில்லை.

"நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பார்கள். டாக்டர்கள் இதை "வெரிகோஸ் வெயின்" என்கிறார்கள்.

வலி அதிகமில்லையே என்று பலர் இதை வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அதனால் கெடுதல் இல்லை. சிலருக்கோ கணுக்காலில் ஆறாத புண் வந்து, பிழைப்பே நின்றுபோகிறது. 

நரம்பு இல்லை, ரத்தக் குழாய்!

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புடைத்துக்கொண்டிருப்பது நரம்பே இல்லை. அது ரத்தக் குழாய். ரத்தத்தை மேலே, இருதயத்துக்குக் கொண்டு போகும் குழாய். இதற்குச் சிரை என்று பெயர்.

பாதத்தில் இருக்கும் ரத்தம் நாலடி உயரம் மேலே ஏற வேண்டும். கீழே வழிந்துவிடாமல் இருக்க, சிரைக்குள்ளே சின்னஞ்சிறு கதவுகள் இருக்கின்றன. இவற்றை வால்வு என்பார்கள். இவை மேல்நோக்கி மட்டுமே திறக்கும். கெண்டைக்கால் சதை இறுகும்போது ரத்தம் மேலே தள்ளப்படும்; சதை தளரும்போது கதவு மூடிக்கொள்ளும்.

இந்தக் கதவு பழுதானால் என்ன ஆகும்? ஏறிய ரத்தம் திரும்ப இறங்கிவிடும். தேங்கிய ரத்தத்தின் பாரம் தாங்காமல் குழாய் விரியும், நீளும், சுருளும். அதுதான் வெளியே தெரியும் புடைப்பு.

யாருக்கு வரும்?

தாய் தந்தையருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடும். வயது ஏற ஏற அதிகமாகும். கர்ப்பிணிகளுக்கு வரும், பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். உடல் பருமனும் ஒரு காரணம்.

இவற்றோடு, ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கிற தொழில். விசைத்தறி ஓட்டுகிறவர், ஓட்டலில் தோசைக்கல் முன் நிற்கிறவர், துணிக்கடைச் சிப்பந்தி, போலீஸ்காரர், ஆசிரியர், நர்ஸ் ஆகியோர் இந்த வகை.

"அப்படியானால் மலைப்படி ஏறுவது கெடுதலா?" என்று கேட்கலாம். இல்லை! அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ரத்த அழுத்தம் சுமார் 90 அளவுக்கு இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30-க்கும் கீழே இறங்கும். நடையும் படி ஏறுதலும் கெண்டைக்கால் சதைக்கு வேலை கொடுக்கின்றன. மலை மேலே போய் வரிசையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதுதான் காலுக்குச் சிரமம்.

தறி வீட்டுப் பேச்சு

1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த பகுதி திருத்தணி. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றிலும் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். அப்படிப்பட்ட ஒரு தறி வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, அந்தக் காலைக் கொஞ்சம் ஆஸ்பத்திரியிலே காட்டக் கூடாதா? கணுக்கால் எல்லாம் கறுத்துப் போச்சே!"

"தறியை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா அடுப்பு எரிய வேணாமா? வலி தாங்குற வரைக்கும் ஓட்டுவோம்."

இந்தக் கணக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. தோல் கறுப்பது முதல் எச்சரிக்கை. பிறகு அரிப்பு வரும். தோல் தடித்து இறுகும். ஒரு நாள் சின்னக் காயம் படும். அது ஆறாது, புண்ணாகி அகலும். தினமும் கட்டு மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் தறி நிற்கும். சில நாள் கூலியை மிச்சப்படுத்தப் போய், பல மாதக் கூலியை இழக்க வேண்டியதுதான்!

புண் வந்தவர்களுக்கும் கதி இல்லாமல் போகவில்லை. இங்கிலாந்தில் 450 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. கட்டுப் போடுவதோடு, பழுதான சிரையையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் 56 நாளில் ஆறியது. கட்டு மட்டும் போட்டு, சிரை சிகிச்சையைத் தள்ளிப் போட்டவர்களுக்கு 82 நாள் ஆயிற்று. இவை நடுவாந்தரக் கணக்கு. சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் ஆறும் என்பது இதன் பொருள்.

ரோமாபுரித் தளபதி

இந்த ஆபரேஷன் புதியதல்ல. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமாபுரித் தளபதி மாரியஸ் என்பவருக்கு இரண்டு கால்களிலும் சிரை புடைத்திருந்தது. மயக்க மருந்து கிடையாது. நோயாளியைக் கட்டிப் போட்டு அறுப்பது அந்தக் கால வழக்கம். மாரியஸ் தம்மைக் கட்டவிடவில்லை! முனகாமல் ஒரு காலைக் கொடுத்தார். வைத்தியர் மற்றக் காலுக்கு வந்ததும் மறுத்துவிட்டார். படுகிற வேதனைக்கு அந்தக் குணம் ஈடாகாது என்று அவர் கருதியதாக புளூட்டார்க் என்ற சரித்திர ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

1890-ஐ ஒட்டி, ஜெர்மானிய டாக்டர் டிரெண்டலன்பர்க், சிரையை மேலே கட்டிவிட்டால் ரத்தம் கீழே வழியாது என்று காட்டினார். 1900-க்குப் பிறகு அமெரிக்க டாக்டர்கள், கட்டிய சிரையை உருவி எடுக்கும் கருவிகளைச் செய்தார்கள். சென்ற நூற்றாண்டு முழுவதும் இதுவே முக்கிய சிகிச்சையாக இருந்தது.

இன்றைய முறைகள்

இன்று டாக்டர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன.

ஒன்று: கட்டி உருவுதல். தொடை இடுக்கில் சிறு கீறல் போட்டு, சிரை ஆழமான குழாயோடு சேரும் இடத்தில் கட்டிவிடுவார்கள். பிறகு முழங்கால் வரை அதை உருவி எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். வேலைக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரங்களோ சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம்.

இரண்டு: வெப்ப சிகிச்சை. லேசர் அல்லது ரேடியோ அலை மூலம் செய்வது. முழங்காலுக்கு அருகே ஊசி வழியாக மெல்லிய கம்பியைச் சிரைக்குள் செலுத்துவார்கள். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே, குழாயைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த நீரை ஏற்றுவார்கள். பிறகு உள்ளிருந்து சூடு கொடுப்பார்கள். ரேடியோ அலை முறையில் சூடு சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு. குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். பெரிய கீறல் இல்லை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

மூன்று: நுரை ஊசி. மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்துவது. குழாயின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு மறுபடியும் ஊசி போட நேரும்.

நான்கு: பசை. சிரைக்குள் மருத்துவப் பசையை விட்டு ஒட்டுவது. இதில் சூடும் இல்லை, பல இடங்களில் மரப்பு ஊசியும் இல்லை. செலவு அதிகம்.

ஐந்து: சின்னக் கீறல் முறை. புடைத்த கிளைகளின் மேல் நெல்லளவு கீறல்கள் போட்டு, கொக்கியால் இழுத்து எடுப்பது. மற்ற முறைகளோடு சேர்த்தும் செய்வார்கள்.

2013-ல் இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவக் குழு ஒரு வரிசை சொன்னது: முதலில் வெப்ப சிகிச்சை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் கட்டி உருவுதல். ஆனால் எல்லாக் காலுக்கும் ஒரே வழி பொருந்தாது. சிரை மிகவும் வளைந்திருந்தால் லேசர் கம்பி உள்ளே போகாது. ஆகையால் தீர்மானிக்க வேண்டியது விளம்பரம் இல்லை, ஸ்கேன்தான்.

குழாயை எடுத்தால் ரத்தம் எப்படிப் போகும்?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, சதைக்குள் இருக்கும் ஆழமான சிரைகள் வழியாகத்தான் போகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் பழுதான சிரையை மூடினால், ரத்தம் நல்ல வழிக்குத் திரும்பிக்கொள்ளும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆழமான சிரைகள் திறந்திருக்க வேண்டும்! அவை அடைபட்டிருந்தால், மேல் சிரையே மாற்றுப் பாதையாக வேலை செய்துகொண்டிருக்கலாம். அதனால்தான் டாப்ளர் ஸ்கேன் இல்லாமல் எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நோயாளியை நிற்க வைத்து இந்த ஸ்கேன் எடுப்பார்கள். வலி கிடையாது.

தயாராவது எப்படி?

சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்வதுபோல் செய்ய வேண்டும். கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு காலில் ரத்தம் உறைந்ததுண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். புகை பிடிப்பவர்கள் நிறுத்த இது நல்ல சந்தர்ப்பம்.

வீட்டிலே பிளேடால் காலைச் சவரம் செய்துகொள்ள வேண்டாம். சிறு கீறல் வழியாகக் கிருமி புகும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கத்தரித்து விடுவார்கள். காலையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, எண்ணெய் தடவாமல் போக வேண்டும். பெண்கள் மெட்டி, கொலுசுகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மயக்க மருந்து கொடுப்பதானால், பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காபி, பால் தண்ணீரில் சேராது!

அன்று உங்களை நிற்க வைத்துச் சிரைகளின் மேல் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் புடைப்பு மறைந்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வீட்டுக்கு அழைத்துப் போக ஒருவர் கூட வர வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

என் காலில் எந்தச் சிரை பழுது? எந்த முறை, ஏன்? என்னென்ன சங்கடம் வரலாம்? மொத்தச் செலவு எவ்வளவு? எத்தனை நாளில் தறிக்குத் திரும்பலாம்? கேட்கத் தயங்க வேண்டாம்.

எந்த முறையிலும் சிறு ஆபத்து உண்டு. ரத்தம் கன்றுவதும், கயிறு இழுப்பது போன்ற உணர்ச்சியும் சாதாரணம். தோலில் ஒரு பகுதி மரத்துப் போகலாம். அபூர்வமாக ஆழமான சிரையில் ரத்தம் உறையலாம். சில வருஷம் கழித்து வேறு சிரை புடைப்பதும் உண்டு.

பிறகு

படுத்தே கிடக்கக் கூடாது. அன்றே நடக்கச் சொல்வார்கள். அசையாமல் நிற்பதுதான் விலக்கு. இறுக்கமான காலுறையை டாக்டர் சொன்ன நாள் வரை அணிய வேண்டும். காலுக்கு ரத்தம் வரும் தமனி அடைபட்டவர்களுக்கு இந்தக் காலுறையே தீங்கு செய்யும் என்பதால், கடையில் தாமாக வாங்கி மாட்டக் கூடாது.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் ஆகாதவர்களும் அறிய வேண்டியது ஒன்று: புடைத்த சிரை சில சமயம் பீறிட்டு ரத்தம் கொட்டும். உடனே படுத்துவிட வேண்டும். காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்த வேண்டும். நின்றுகொண்டிருந்தால் ரத்தம் நிற்காது. கயிறு போட்டுக் காலைக் கட்டக் கூடாது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

முதலில் அருகில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் காட்டலாம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் ரத்தக் குழாய் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரெயில் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் சிகிச்சை அதில் வருமா என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மாரியஸுக்கு மயக்க மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை. ஆகவே ஒரு காலோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு அந்த வேதனை இல்லை. காலையில் போய் மாலையில் நடந்தே திரும்பி வரலாம். தறி சில நாள் நின்றாலும் மறுபடி ஓடும். கணுக்கால் கறுக்கும்போதே காட்டிவிட்டால், டாக்டர் அனுமதி கொடுத்ததும் 365 படிகளையும் தாராளமாக ஏறலாம்!