பெயரை மறைத்துப் பாடும் மூவர்

ஷாதிபூர்வாசிகளுக்குக் கொல்கத்தா அந்நிய ஊரல்ல. கப்பலேறினால் சுமார் மூன்று நாள் பயணம். அந்த நகரில் 2010-ல் ஒரு விசித்திரமான ராக் இசைக்குழு தோன்றியது. பெயர் 'ஹீத்தன் பீஸ்ட்'. புறச்சமய மிருகம் என்று பொருள் கொள்ளலாம்!

குழுவில் மூவர். கிதார் வாசித்துப் பாடுபவர் சார்வாகா. பாஸ் கிதார் சாங்க்யா. டிரம்ஸ் மீமாம்சா. மூன்றுமே புனைபெயர்கள். சொந்தப் பெயரை வெளியிடாமலே இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார்கள்.

மணிமேகலை அறிந்த பெயர்கள்

தமிழர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. அங்கே அளவை வாதி அடுக்கும் ஆறு சமயங்களில் உலோகாயதம், சாங்கியம், மீமாம்சை மூன்றும் உண்டு. சார்வாகம் என்பது உலோகாயதத்தின் மறுபெயர். கடவுளும் மறுபிறப்பும் இல்லை என்று வாதிட்ட பழைய இந்தியத் தத்துவம் அது.

ஏன் இந்த மறைவு?

1974-ல் நியூயார்க்கில் உருவான ரமோன்ஸ் குழுவினர் அனைவரும் 'ரமோன்' என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அது மேடைக் கவர்ச்சி. கொல்கத்தா மூவரின் கதை வேறு. இவர்கள் மதங்களைக் கடுமையாகச் சாடுகிறவர்கள். முதல் வெளியீட்டின் தலைப்பே 'அயோத்தி எரிகிறது' என்ற பொருளுடையது. 2020-ல் வந்த இசைத்தொகுப்பு, 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை வசைமொழியிலேயே தாக்கியது.

மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவது, 1927-ல் சேர்க்கப்பட்ட 295-ஏ பிரிவின்படி குற்றம். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 299-வது பிரிவு. மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். வழக்கு ஒருபுறம், ஆத்திரக் கூட்டம் மறுபுறம். புனைபெயர் இங்கே ஒரு கேடயம்.

இடியோசை டிரம்ஸ், உறுமும் குரல். பாடல் வரிகளை எழுத்தில் பார்த்தால்தான் பலருக்கும் புரியும். கேட்பவர்களில் முகம் சுளிப்போரும் உண்டு. 'பெயர் சொல்லாமல் பிறர் நம்பிக்கையைத் திட்டுவது வீரமா?' என்ற கேள்வி நியாயமானதே. 'பெயர் சொன்னால் பாடவே முடியாது என்றால், குற்றம் யாருடையது?' என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே.

எண்ணாகிப்போனவர்கள்

பெயரின் அருமை அந்தமானுக்குத் தெரியும். 1858-ல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில் கைதியின் கழுத்தில் மரவில்லை தொங்கியது. அதில் இருந்தது எண்ணும் தண்டனை விவரமும். மனிதனின் பெயரை அரசு பறித்து, எண்ணைக் கொடுத்தது. அந்தக் கைதிகளின் சந்ததியார் இன்றும் தீவில் வாழ்கிறார்கள்.

அன்று பறிக்கப்பட்டது பெயர். இந்த மூவரோ தாங்களாகவே பெயரை ஒளித்துவைத்தார்கள், குரலைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.