கரிசலும் செவலும்

தென் தமிழ்நாட்டில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் விரிந்து கிடக்கும் கரிய நிலத்தைக் கரிசல் என்றும், அதன் ஓரங்களிலும் மேட்டுப்பாங்கான இடங்களிலும் தென்படும் சிவந்த நிலத்தைச் செவல் என்றும் அங்குள்ள உழவர்கள் அழைக்கிறார்கள். வரப்பு ஒன்றே இடைவெளியாக அருகருகே கிடந்தாலும் இவ்விரண்டும் பயிரிடத்தில் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறானது. கரிசலில் பருத்தியும் உளுந்தும் கொத்தமல்லியும் மழை ஓய்ந்து பல வாரங்கள் கழிந்த பின்பும் பசுமை குன்றாமல் நிற்க, செவலில் சில நாள் வெயிலுக்கே பயிர் துவண்டுவிடுகிறது. ஆயினும் நிலக்கடலை தடையின்றித் திரண்டு, காய் அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடாமல் கையோடு பிடுங்க வருவது அந்தச் செவலில்தான்.

இந்த வேறுபாட்டுக்கு அடியிலிருக்கும் பாறையே காரணம் என்று எண்ணத் தோன்றும். கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்தது என்று பள்ளிப் பாடங்கள் சொல்வது மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தும். அங்கே ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலப்பிளவுகள் வழியே பொங்கிப் பரவிய குழம்பு குளிர்ந்து பசால்ட் என்னும் கரும்பாறையாக இறுகியது, அப்பாறை சிதைந்தே தக்காணத்தின் கரிசல் உண்டாயிற்று. ஆனால் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் கிடைப்பது பெரும்பாலும் பசால்ட் அன்று, நைஸ் எனப்படும் பட்டை பட்டையான பழம்பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய இப்பாறை குறைந்தது 50 கோடி ஆண்டுப் பழமை உடையது. செவலுக்கு அடியில் கிடப்பதும் அதே இனப் பாறைதான். ஒரு பாறை இரண்டு மண்ணை ஈன்றது எப்படி என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால், மண் என்பது என்ன, அது எவ்வாறு உருவாகிறது, செடிக்கு அது எதைத் தருகிறது என்பவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

மண்ணைப் பாறையின் தூள் என்று மட்டும் கருதியிருந்த காலத்தில், அதைத் தனக்கெனத் தோற்றமும் வளர்ச்சியும் உடைய ஓர் இயற்கைப் பொருளாகக் காண வேண்டும் என்று வற்புறுத்தியவர் ரஷ்ய அறிஞர் வசீலி டொகுச்சாயெவ். ரஷ்யப் புல்வெளிகளின் கருமண்ணைப் பற்றி அவர் 1883-இல் வெளியிட்ட நூல் மண்ணியல் என்ற தனித்துறைக்கு அடித்தளமிட்டது. தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஓரிடத்து மண்ணை முடிவு செய்கின்றன என்பது அவர் வழிவந்த கருத்து. இதை 1941-இல் ஹான்ஸ் யென்னி ஒழுங்குபடுத்தி நூலாக்கினார். கரிசல் நாட்டின் புதிருக்கு விடை இந்த ஐந்தில் நான்காவதான ஏற்ற இறக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மண்ணைப் பற்றிய பொதுப்பேச்சில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அதுவே.

பகல் வெப்பத்தில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பாறையின் மேற்பரப்பு விரிசல் விடுகிறது, விரிசலுக்குள் வேர் நுழைந்து பிளவை அகலமாக்குகிறது. இவ்வாறு உடைவதால் பாறை சிறுகல்லாகுமே தவிர மண்ணாகாது. மண்ணாக்குவது நீர். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக விழுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் மூச்சுவிடுவதால் மண்ணிடைக் காற்றில் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கிறது, அதனால் நிலத்துக்குள் இறங்கும் நீரின் அமிலத்தன்மை மேலும் கூடுகிறது. நைஸ் பாறையில் மிகுந்துள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தை இந்த நீர் மெல்ல மெல்லச் சிதைத்து, அதிலுள்ள கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் கரைத்தெடுக்க, எஞ்சிய பொருள்கள் புதிய வடிவில் ஒன்றுகூடிக் களி எனப்படும் மிக நுண்ணிய தகடுகளாகின்றன. காக்காப்பொன் முதலான கரிய கனிமங்களிலிருந்து விடுபடும் இரும்பு, காற்றோடு சேர்ந்து துருவாகிறது. ஊர்ப்புறங்களில் வெங்கச்சங்கல் என்று சொல்லப்படும் குவார்ட்ஸ் மட்டும் இத்தாக்குதலுக்கு எளிதில் இணங்காமல் மணலாக எஞ்சுகிறது. இவையெல்லாம் நிகழ்ந்து ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள மண் உருவாகப் பொதுவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

இப்படிக் கரைந்த பொருள் எங்கே போகிறது என்பதில்தான் செவலும் கரிசலும் பிரிகின்றன. மேட்டுநிலத்தில் விழும் மழை கீழிறங்கியும் பக்கவாட்டில் கசிந்தும் ஓடிவிடுவதால், கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் அதனோடு வெளியேறிவிடுகின்றன. அவை குறைந்துபோன சூழலில் உருவாவது கயோலினைட் என்னும் எளிய களிக்கனிமம். காற்றோட்டம் தடையின்றி இருப்பதால் இரும்பு முழுமையாகத் துருவேறி, துகள்தோறும் மெல்லிய பூச்சாகப் படிகிறது; செவலின் சிவப்பு அந்தத் துருவின் நிறமே. மேட்டிலிருந்து கிளம்பிய நீர் தாழ்வான சமவெளியை அடைந்ததும் தயங்கித் தேங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிட, மற்ற மாதங்களில் வெயில் காயும் இந்த நாட்டில், தேங்கிய நீர் ஆவியாகிவிட, அது சுமந்து வந்த கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் அங்கேயே சேர்கின்றன. அவை செறிந்த சூழலில் உருவாவது ஸ்மெக்டைட் என்னும் வேறு வகைக் களி. மிஞ்சிய கால்சியம், மண்ணுக்குள் சுக்கான்கற்களாகத் திரள்கிறது. மேடு இழந்ததைப் பள்ளம் பெற்றது. அந்த இழப்பும் பேறும் பல்லாயிரம் ஆண்டுகள் தொடர்ந்ததன் விளைவே ஒரு வரப்புக்கு இருபுறமும் தெரியும் இரு நிறங்கள்.

கரிசலின் கருமையைக் கண்டு அதில் மக்கு மிகுந்திருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். செடி, விலங்குகளின் எச்சம் அழுகி எஞ்சும் அந்தக் கரிம மக்கு கரிசலில் குறைவே. வெப்பம் மிகுந்த இந்நிலத்தில் நுண்ணுயிர்கள் அதை விரைந்து தின்று தீர்த்துவிடுவதால், மானாவாரிக் காடுகளில் கரிமச்சத்து பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்கும் கீழேயே நிற்கிறது. அந்தச் சிறிதளவு மக்கும் ஸ்மெக்டைட் தகடுகளோடு இறுகப் பிணைந்து அவற்றின் மேல் சாயம்போல் படர்வதால்தான் மண் கறுத்துத் தோன்றுகிறது.

களி என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள். அதைவிடப் பெரியது வண்டல், 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் மணல் என்பது மண்ணியலார் வகுத்துள்ள ஓர் அளவு. இம்மூன்றும் கலந்திருக்கும் விகிதமே மண்ணின் நயம். நல்ல விளைநிலத்து மேல்மண்ணின் கொள்ளளவில் ஏறக்குறைய 45 சதவீதம் கனிமத் துகள்கள், 5 சதவீதம் கரிமப் பொருள், மீதிப் பாதி துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் என்று பாடநூல்கள் ஒரு மாதிரிக் கணக்குத் தரும். அந்த வெற்றிடத்தில் பாதி நீரும் பாதி காற்றும் இருப்பது பயிருக்கு உகந்தது. மண்ணின் கொள்ளளவில் பாதி வெற்றிடம் என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். ஆனால் வேர் வாழ்வது அந்த வெற்றிடத்தில்தான் என்பதால், கனமான வண்டிகளும் இயந்திரங்களும் ஈரமண்ணில் ஏறி அதை நசுக்கும்போது நிலம் இழப்பது எதை என்று எளிதில் உணரலாம்.

எனினும் களியின் அளவைவிட அதன் வகையே மிகுதியாகப் பேசத்தக்கது. கயோலினைட்டின் தகடுகள் ஒன்றோடொன்று இறுகியிருப்பதால் நீர் அவற்றுக்கு இடையே புக முடியாது. ஸ்மெக்டைட்டின் தகடுகளோ நீர் புகுந்ததும் விலகி விரியும், நீர் வற்றியதும் சுருங்கும். அத்தகடுகளின் உட்புறத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர். கயோலினைட்டுக்கு அது 10, 20 சதுர மீட்டர் அளவே. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, விரிசல்கள் சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்வரை இறங்குவதற்கும், கரிசல் காட்டில் கட்டிய வீட்டுச் சுவர்கள் கீறல் விடுவதற்கும் இந்த விரிவும் சுருக்கமுமே காரணம். மேல்மண் உதிர்ந்து விரிசலுக்குள் விழ, அடுத்த மழையில் களி விரிந்து அதை மூடிக்கொள்ள, இந்த மண் ஆண்டுதோறும் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது.

களித் தகடுகளின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் முதலான நேர்மின் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற சத்துத் துகள்களை, மழையில் அடித்துச் செல்லாதபடி பிடித்து வைத்துக்கொள்கிறது. வேர் தன்னிடமிருந்து ஹைட்ரஜன் அயனியை வெளிவிட்டு அதற்கு ஈடாகக் களியிலிருந்து ஒரு சத்து அயனியைப் பெற்றுக்கொள்கிறது. இந்தப் பிடிப்புத் திறனில் ஸ்மெக்டைட் கயோலினைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு மேலானது. இந்த மாற்று வாணிபம் நிகழும் இடம் களியும் மக்கும் என்பதை நினைத்தால், அவ்விரண்டையும் இழந்த நிலத்தில் எவ்வளவு உரம் கொட்டினாலும் பெரும்பகுதி நீரோடு போய்விடுவது ஏன் என்பது புரியும்.

மண் செடிக்கு எடையளவில் தருவது மிகச் சிறிது. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் ஏறத்தாழ 90 கிலோ உலர்மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 77 கிலோவாக வளர்ந்தபோது மண் இழந்திருந்தது 57 கிராம் அளவே. அவர் மறைவுக்குப் பின் 1648-இல் வெளியான நூலில் இச்சோதனை இடம்பெற்றது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டியது பிழை. நீர் நீங்கிய உடலின் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்பது பின்னால் தெரியவந்தது. அதைவிட, அந்த 57 கிராமைப் பொருட்படுத்தாமல் விட்டது பெரிய இழப்பு. செடிக்கு இன்றியமையாத 17 தனிமங்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வர, மற்ற 14-ம் மண்வழியே வர வேண்டியவை. அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை மிகுந்திருந்து பயனில்லை.

இருப்பு வேறு, கிடைப்பது வேறு. கரிசல் காரத்தன்மை உடையது. அதன் கார அமில அளவு பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருப்பதால், மணிச்சத்து கால்சியத்தோடு பிணைந்து கரையாமல் போகிறது, துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் இலைகள் வெளுக்கின்றன. செவலில் அதே மணிச்சத்தை இரும்புத் துரு சிறைப்பிடிக்கிறது. நீரின் கதையும் இப்படியே: கரிசல் மிகுதியாக நீர் கொள்ளும், ஆனால் அதில் கணிசமான பங்கை விடாமல் இறுக்கி வைத்துக்கொள்ளும். ஒரு சிறு மழை பெய்தால் செவலில் விதை முளைத்துவிடும், கரிசலில் மேல்மண் நனைந்ததோடு சரி; பெருமழை பெய்தால் கரிசல் அதைச் சேமித்து மாதக்கணக்கில் பருத்தியின் ஆழ்வேருக்கு ஊட்டும். கரிசலைச் சிறந்ததென்றும் செவலை மட்டமென்றும் தரம்பிரிக்கும் வழக்கம் இதனால் பொருளற்றதாகிறது.

இந்தச் சிறைகளைத் திறப்பவை உயிர்கள். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகள், வேர்த்தூவிகளுக்கு எட்டாத தொலைவுக்கும் தம் இழைகளை நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. உளுந்து, நிலக்கடலை போன்ற பயறினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றுகிறது. இதை 1880-களில் ஜெர்மானியரான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவிக்காட்டினர். மண்ணைப் புரட்டும் பணியை மண்புழு செய்கிறது என்று 1881-இல் டார்வின் எழுதிய நூல் புகழ்பெற்றது. வறண்ட செவல் காடுகளில் அப்பணியின் பெரும்பங்கு கரையானுடையது. அடிமண்ணின் களியை மேலே கொண்டுவந்து புற்றாக எழுப்பும் இந்த உயிரைப் பகையாக மட்டும் பார்ப்பது அநீதி.

கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிச் சாகுபடியை ஆராய்ந்து வருகிறது. அங்கே பரிந்துரைக்கப்படும் பருவமழைக்கு முந்தைய விதைப்பு, மழை விழுந்த பின் கரிசல் பிசினாகிவிட ஏர் இறங்க முடியாது என்னும் உண்மையை அடிப்படையாகக் கொண்டது. உலர்ந்த மண்ணில் ஆழமாக இட்ட விதை, தூறலுக்கு ஏமாறாமல் நல்ல மழைக்குக் காத்திருக்கும். சுக்கு நூறாக உடையும் செவலுக்கோ வேறு மருந்து வேண்டும். கோடையில் வற்றிய கண்மாயின் அடியில் படிந்த கரம்பையை வண்டி வண்டியாக அள்ளிச் செவல் காட்டில் பரப்புவதும், அறுவடை முடிந்த நிலத்தில் இரவுதோறும் ஆட்டுக்கிடை போடுவதும் தென்மாவட்டங்களின் நெடுநாள் வழக்கங்கள். கரம்பை என்பது மேட்டிலிருந்து மழை அரித்துச் சென்ற களியும் மக்குமே ஆகும். அதை மீண்டும் மேட்டுக்கு ஏற்றும்போது, நீர் பிரித்துக் கொண்டுபோனதை உழவர்கள் திருப்பி வைக்கிறார்கள். அந்தக் கரம்பை இன்று செங்கல் சூளைகளுக்கும் மனைகளை நிரப்புவதற்கும் போவது வருந்தத்தக்கது, ஏனெனில் சூளையில் ஒருமுறை வெந்த களி தன் தகடுகளின் அமைப்பை இழந்து, மீண்டும் சத்தையும் நீரையும் பிடிக்கும் களியாவதில்லை. கண்மாய்க்குக் கண்மாய் கரம்பையின் உப்பும் காரமும் மாறுபடுவதால், சித்திரையில் வண்டி கட்டுவதற்கு முன் அதில் ஒரு கைப்பிடியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. உவர் ஏறிய கரம்பை செவலைத் திருத்துவதற்கு மாறாகக் களராக்கிவிடும்.