இடிந்த சுவரும் இடியாத நினைவும்

இராயபுரம் கல்மண்டபத்துப் பேருந்து நிறுத்தத்தில், நரைத்த தலையுடைய இருவர் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப நலத்தை விசாரித்து முடிந்ததும் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "நம் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்களாமே, பார்த்தாயா?" அதன் பிறகு அந்த உரையாடலுக்கு முடிவே இராது. தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்த மணி, மழை நாளில் வகுப்பின் நடுவே வைத்த வாளி, பாடத்தின் இடையே துறைமுகத்திலிருந்து எழும் கப்பலின் சங்கொலி, காசிமேட்டுக் காற்று சுமந்துவரும் கருவாட்டு மணம், தலைமையாசிரியரின் அறைக்கு முன்னே தேய்ந்துபோன கற்படி ஆகிய யாவும் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

படித்த பாடங்களுள் பல மறந்துவிடுகின்றன. படித்த இடமோ மறப்பதில்லை. ஆதலால்தான், பள்ளிக் கட்டடம் ஒன்று இடிபடும்போது, தம் இல்லத்தில் ஒரு மூத்தவரை இழந்ததுபோல் முன்னாள் மாணவர்கள் மனம் கலங்குகின்றனர். அந்தக் கலக்கம் நியாயமானதே. ஆயினும், அதனால் மட்டும் பயன் விளையுமா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

கடற்கரையில் நின்ற ஓர் இல்லம்

சென்னை மெரீனாவை அடுத்து இராணி மேரிக் கல்லூரி இருக்கிறது. சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி அது. 1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 'கேப்பர் இல்லம்' என்னும் பழைய கட்டடத்தில், 37 மாணவியருடன் அது தொடங்கப்பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த டோரதி டி லா ஹே அம்மையார் அதன் முதல் முதல்வர். 1936 வரை அப்பொறுப்பில் இருந்து அதனை வளர்த்தவர் அவரே. பெண்ணுக்கு எழுத்தறிவே மிகை என்று கருதிய குடும்பங்கள் மிகுந்திருந்த காலம் அது. அத்தகைய நாளில் அந்த இல்லத்தின் படியேறிய ஒவ்வொரு பெண்ணும் தன் குடும்பத்தில் ஒரு புதிய வழியைத் திறந்தவள் ஆவாள்.

அதே கடற்கரைச் சாலையில், 'ஐஸ் ஹவுஸ்' கட்டடத்தில், சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவையருக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்தார். வாழ்வே முடிந்துவிட்டது என்று மூலையில் அமர்த்தப்பட்ட சிறுமியர், அங்கே புத்தகத்தைக் கையில் எடுத்தனர். தாவரவியல் அறிஞராக உலகப் புகழ் பெற்ற ஜானகி அம்மாள் இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவரே. கரும்பு இனங்களைப் பற்றிக் கோயம்புத்தூரில் ஆய்வு செய்த அவருக்கு, 1977-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

2003-ஆம் ஆண்டில் இக்கல்லூரிக்கு ஒரு சோதனை வந்தது. அதனை இடித்துவிட்டு, அவ்விடத்தில் தலைமைச் செயலகம் கட்டுவதென அன்றைய அரசு திட்டமிட்டது. மாணவியர் வகுப்பைவிட்டு வெளியே வந்து போராடினர். முன்னாள் மாணவியரும் அவர்களோடு சேர்ந்து குரல் எழுப்பினர். இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி பிழைத்தது.

ஆனால் கேப்பர் இல்லம் பிழைக்கவில்லை! முதுமையாலும் பழுதாலும் அது சிதைந்து, சில ஆண்டுகளுக்குள் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று புதிய கட்டடம் எழுந்து நிற்கிறது. ஆட்சியின் ஆணையை எதிர்த்து வென்றவர்களால் மழைநீரை எதிர்த்து வெல்ல இயலவில்லை. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

கட்டடம் எவ்வாறு சாகிறது?

நம் வடசென்னையின் பழைய பள்ளிகள் பலவற்றின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் முறையில் அமைந்தது. தேக்கு உத்திரங்களின் மீது கட்டைகளைப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பார்கள். சுவர் தடித்தது, அறை குளிர்ந்தது. ஒழுங்காகப் பேணினால் பல தலைமுறைகளைக் காணவல்லது.

ஆனால் தட்டோட்டில் ஒரு விரிசல் விழுந்துவிட்டால் போதும். மழைநீர் கசிந்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனியை நனைக்கும். வெளிப்பார்வைக்கு உத்திரம் திடமாகவே தோன்றும். உள்ளே நுனி உளுத்துக்கொண்டிருக்கும். சுவரில் முளைத்த அரசங்கன்று தன் வேரால் செங்கல்லைப் பிளக்கும். எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை வீசும் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். போதாக்குறைக்கு, பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசி 'பழுது பார்த்துவிட்டோம்' என்று மனநிறைவு அடைகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சோ அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது.

இவ்வாறு, இடிக்கும் இயந்திரம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டடம் இறந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம்?

நினைவைவிட மேலானது

இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னர், பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்குமாறு தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. ஒரு குழந்தையின் உயிருக்கு முன்னே நம் இனிய நினைவுகள் யாவும் சிறியவையே. பொறியாளர் 'இது நில்லாது' என்று கூறிவிட்டால், கண்ணீரோடாயினும் விலகி நிற்பதே அறிவுடைமை.

அதே வேளையில், பழையதெல்லாம் இடிய வேண்டியதே என்றும் கருத வேண்டா. நம் இராயபுரம் இரயில் நிலையத்தைப் பாருங்கள்! 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் சேவை வாலாஜா ரோடு நோக்கித் தொடங்கியது இங்கிருந்துதான். கேட்பாரற்றுச் சீரழிந்து கிடந்த அந்நிலையம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்பனிடப்பட்டு, தன் தூண்களோடு இன்றும் நிற்கிறது. உரிய காலத்தில் கைகொடுத்தால் முதுமையும் நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக்கூடியது

முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன, விருந்து உண்கின்றன, படம் எடுத்துக்கொள்கின்றன. நல்லதே. அவ்விருந்துச் செலவில் ஒரு பகுதியை, மழைக்காலத்துக்கு முன் கூரையைச் சோதித்துச் செப்பனிட ஒதுக்கினால் என்ன? நீர்த்தாரையில் அடைத்த சருகை அகற்றுவதற்கும், சுவரில் முளைத்த கன்றை வேரோடு களைவதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லையே!

இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாகிவிட்டால், இடிக்கும் முன் செய்ய வேண்டியவையும் உண்டு. ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, அளந்து வரைந்து வையுங்கள். அடிக்கல்லையும் மணியையும் நல்ல கதவுகளையும் புதிய கட்டடத்தில் ஓரிடத்தில் அமையுங்கள். பழைய வருகைப் பதிவேடுகளைக் கரையானுக்கு இரையாக்காதீர்கள். முதியவர்களிடம் அமர்ந்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டடத்தை மீண்டும் கட்டலாம். மறைந்த ஒருவரின் நினைவை மீண்டும் கேட்க இயலாது.

பெற்றோரே, இன்றிரவு உணவு முடிந்தபின், உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் படித்த பள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள். பின்னர், அவர்கள் இன்று படிக்கும் பள்ளியின் கூரை ஒழுகுகிறதா என்றும் கேளுங்கள். நாம் படித்த பள்ளியின்மீது கொண்ட அன்பு, அவர்கள் படிக்கும் பள்ளியின் கூரையைக் காக்கட்டும்.