பங்க்கிலும் மளிகையிலும் ஒரு கார்டு

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ‘கார்டு’ என்ற சொல் நெடுங்காலம் ரேஷன் கார்டு ஒன்றையே குறித்து வந்தது. அரிசியும் சர்க்கரையும் பருப்பும் வாங்கித் தந்த அந்தக் குடும்ப அட்டை இன்றும் அலமாரியில் பத்திரமாக இருக்க, மணிபர்ஸில் இன்னொரு கார்டு குடியேறிவிட்டது. பெட்ரோல் போட்டால் இவ்வளவு, மளிகை வாங்கினால் இவ்வளவு என்று திருப்பித் தருவதாக வாக்களிக்கும் இந்தக் கிரெடிட் கார்டு தருவது யாருடைய காசு என்பதை அறியாமல் ஒரு கார்டை மற்றொன்றோடு ஒப்பிடுவது, தராசு முள்ளைப் பாராமல் எடை போடுவதற்குச் சமானம் என்பது என் அபிப்பிராயம்.

1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற பெயரில், உணவு விடுதிகளில் கணக்கு வைத்துக்கொள்ளும் சௌகரியமாகப் பிறந்த இந்த ஏற்பாடு, 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா வெளியிட்ட கார்டின் மூலம் நம் நாட்டு வங்கிகளில் பிரவேசித்தது. நாம் 1,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கார்டைத் தேய்த்தால், அந்த ஆயிரமும் முழுதாகக் கடைக்காரரைச் சேருவதில்லை. ஏறக்குறைய இரண்டு சதவீதம் கழிவாகப் பிடிக்கப்பட்டு, அதில் பெரும்பங்கு நமக்குக் கார்டு தந்த வங்கிக்கும், மீதி கடையில் இயந்திரம் வைத்த வங்கிக்கும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற ஸ்தாபனங்களுக்கும் பிரிகிறது. வங்கி தன் பங்கில் ஒரு சிறு பகுதியை நமக்குத் தரும்போது அதற்கு ‘ரிவார்டு பாயிண்ட்’ என்று பெயர் வைக்கிறது.

பெட்ரோல் பங்க்கில்தான் இந்தக் கணக்கு சிக்கலாகிறது. விலையை எண்ணெய் நிறுவனம் நிர்ணயிக்க, லிட்டருக்குச் சில ரூபாயே கமிஷனாகப் பெறும் பங்க்காரருக்குக் கழிவு கொடுக்க இடமில்லாததால், ஒரு சதவீத சர்சார்ஜ் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. ‘சர்சார்ஜ் தள்ளுபடி’ என்று கார்டுகள் பறைசாற்றுவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதேயன்றிப் புதிய சலுகையன்று. அந்தச் சர்சார்ஜின் மீது விதிக்கப்படும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோ திரும்புவதேயில்லை. மேலும், பல கார்டுகளில் 400 ரூபாய்க்குக் குறைந்த பில்லுக்குத் தள்ளுபடி கிடையாது. காலை ஷிப்டுக்காக சி.டி.எச். ரோட்டில் விரையும் தொழிலாளி, பங்க்கில் வண்டியை நிறுத்தி “இருநூறுக்குப் போடுங்க” என்று சொல்லிக் கார்டை நீட்டினால், அவருக்கு நஷ்டமே மிச்சம்.

உதாரணமாக, பாரத் பெட்ரோலியமும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து வெளியிட்ட கார்டை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கப்பட்ட திட்டப்படி, அந்த நிறுவனத்தின் பங்க்குகளில் 100 ரூபாய்க்கு 13 பாயிண்டுகள். நான்கு பாயிண்டுகளுக்கு ஒரு ரூபாய் என்பதால் இது 3.25 சதவீதம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் 4.25 என்ற எண், முன்சொன்ன ஒரு சதவீதத் தள்ளுபடியையும் கூட்டிக்கொண்டது. மளிகைக்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கும் 100 ரூபாய்க்கு 5 பாயிண்டுகள், அதாவது 1.25 சதவீதம். ஆண்டுச் சந்தா 499 ரூபாயும் வரியும். ஆண்டில் 50,000 ரூபாய் செலவழித்தால் அடுத்த ஆண்டுச் சந்தா திரும்பும். மாதம் 3,000 ரூபாய்க்குப் பெட்ரோலும் 8,000 ரூபாய்க்கு மளிகையும் வாங்கும் குடும்பத்துக்கு, பெட்ரோலில் 97.50 ரூபாயும் மளிகையில் 100 ரூபாயும் கிடைக்கும். எல்லாச் செலவுக்கும் ஒரு சதவீதம் என்று சொல்லிப் பெட்ரோலை மட்டும் விலக்கும் சாதாரணக் கார்டில் அதே குடும்பத்துக்குக் கிடைப்பது 80 ரூபாய். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காரில் வேலைக்குச் செல்பவருக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. ஆயினும் மாதம் 1,300 பாயிண்டு என்ற வரம்பு 10,000 ரூபாய் பெட்ரோலோடு அவரை நிறுத்திவிடும்.

அந்த மளிகை நூறு ரூபாய்க்கு ஒரு நிபந்தனை உண்டு. வங்கி கடையின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை; எம்.சி.சி. என்ற நான்கு இலக்கக் குறியீட்டையே பார்க்கிறது. 5411 என்றால் மளிகை. 5541, 5542 என்றால் பங்க். தெருமுனை அண்ணாச்சி கடையிலோ தேய்க்கும் இயந்திரமே இருப்பதில்லை. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து ஸ்கேன் செய்யலாம் என்றாலும், அண்ணாச்சி தம் சொந்தக் கணக்கின் க்யூ.ஆர். அட்டையை வைத்திருந்தால் அது செல்லாது. வியாபாரக் கணக்காக இருந்தாலும், சிறு வியாபாரிகளிடம் 2,000 ரூபாய் வரை கழிவு பிடிப்பதில்லை. கழிவு இல்லாத இடத்தில் ரிவார்டு மெலிவது இயற்கை. அதற்காக, மாதக் கடைசியில் கடனுக்குச் சாமான் கொடுக்கும் அண்ணாச்சியை விட்டுவிட்டு, 1.25 சதவீதத்தைத் தேடி தூரத்துப் பெரிய கடைக்குப் போய், வேண்டாத பொருளையும் கூடையில் போட்டுக்கொண்டு வருவதை நான் சிக்கனம் என்று ஒப்பமாட்டேன்.

வட்டியின் கதை இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. முழுப் பாக்கியையும் டியூ டேட்டுக்குள் செலுத்தாமல் மினிமம் டியூ மட்டும் கட்டுபவருக்கு மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டியும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் ஏறும். மேற்சொன்ன குடும்பம் 11,000 ரூபாயை ஒரு மாதம் பாக்கி வைத்தால் 385 ரூபாய் வட்டி, 69 ரூபாய் வரி, ஆக 454 ரூபாய்; இரண்டு மாதச் சலுகையும் போய்க் கைக்காசும் கரையும். சம்பளம் வந்த அன்றே முழுப் பாக்கியையும் தீர்க்கும் வழக்கமுள்ளவருக்கே இந்தக் கார்டு பிரயோஜனப்படும். மற்றவர்கள் அதைத் தொடாதிருப்பதே மேல்.

வாங்கத் தீர்மானித்தவர்கள், விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் மூன்று மாதத்துப் பெட்ரோல், மளிகை ரசீதுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். அதற்கும் முன்பாக, நீங்கள் வழக்கமாக வண்டி நிறுத்தும் பங்க் எந்த எண்ணெய் நிறுவனத்தினுடையது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.