பேசுவதற்கு முன் எங்கே பேசுகிறோம் என்று பார்ப்போம்: ஹாம் வானொலியில் ஒரு சிறு பிழையும் அதன் விலையும்

போர்க்காலத்தில் வாழ்ந்த எமது மக்களுக்குச் சிற்றலை வானொலி புதிதல்ல. மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி பிபிசி தமிழோசை கேட்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனால், அது கேட்பதோடு நின்றது. பேசக்கூடிய கருவி ஒன்றை வைத்திருப்பது அன்று உயிருக்கே ஆபத்து. அந்தப் பயத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வானொலியில் பேசுவது என்றாலே அது இராணுவத்தின் வேலை என்று எண்ணுகிறோம்.

இந்த விடயத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கிய பின்னர். மாத்தளை மாவட்டமும் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்டது. வீதிகள் மூடப்பட்டன, மின்சாரம் போனது, பல இடங்களில் கைத்தொலைபேசியும் நின்றது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஏ9 வீதியின் ஒரு முனையில் இருப்பவருக்கு மறுமுனையில் இருக்கும் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியான நாட்களில் கைகொடுக்கக்கூடியது அமெச்சூர் வானொலி எனப்படும் ஹாம் வானொலி. 2004 சுனாமியின்போது இலங்கை வானொலிச் சங்கத்தின் உறுப்பினர்கள் பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளுடன் ஹம்பாந்தோட்டைக்குச் சென்று, கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்த வேளையில் அந்தமானின் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் வானொலியாளர் தனது குழுவுடன் இருந்தார். அரிதாகவே வானலையில் வரும் அந்தத் தீவிலிருந்து உலகெங்கும் உள்ளவர்களுடன் பேசுவதற்காகவே அவர்கள் சென்றிருந்தார்கள். சுனாமி வந்ததும் அந்தப் பொழுதுபோக்கு நிலையம் அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது.

ஆனால், கருவி இருந்தால் மட்டும் போதாது. அதில் ஒரு பொத்தானைக் கவனிக்காமல் விட்டால், உதவ வந்தவரே தடையாகிவிடுவார். அந்தப் பொத்தானின் பெயர் ‘ஸ்பிளிட்’.

ஸ்பிளிட் என்றால் என்ன?

வழக்கமாக ஹாம் வானொலியில் இருவரும் ஒரே மீடிறனில் மாறி மாறிப் பேசுவார்கள். ஆனால், அந்தமான் போன்ற அரிய இடத்திலிருந்து ஒருவர் பேசும்போது, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் அவரை அழைப்பார்கள். எல்லோரும் அவர் பேசும் மீடிறனிலேயே அழைத்தால், அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்பதே எவருக்கும் கேட்காது.

நலன்புரி முகாமின் நிவாரண வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கிறார்கள். சனம் எல்லாம் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று சத்தம் போட்டால், வாசித்த பெயர் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. பெயர் வாசிக்கும் இடமும் பதில் சொல்லும் இடமும் வேறாக இருந்தால் வேலை நடக்கும். ஸ்பிளிட் செய்வதும் இதைத்தான்.

உதாரணமாக, அந்த நிலையம் 14.195 மெகாஹேர்ட்ஸில் பேசும். “ஐந்து மேலே” என்று அறிவித்தால், 5 கிலோஹேர்ட்ஸ் தள்ளி, 14.200 இல் கேட்கிறது என்று பொருள். “ஐந்து முதல் பத்து மேலே” என்றால் 14.200 முதல் 14.205 வரை தேடிக் கேட்கிறது. நாம் 14.195 இல் கேட்க வேண்டும், அங்கே ஒருபோதும் பேசக்கூடாது.

பிழைகள் எங்கே நடக்கின்றன?

இன்றைய கருவிகளில் ஏ, பி என இரண்டு மீடிறன்களைப் பதிந்து வைக்கலாம். ஒன்றில் கேட்டு மற்றதில் பேசலாம். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன.

முதலாவது, பி இல் சரியான மீடிறனைப் பதிந்துவிட்டு ஸ்பிளிட் பொத்தானை அழுத்த மறப்பது. அப்போது எமது குரல் நேராக அந்த நிலையத்தின் மேலேயே போய் விழும். பேசும்போது எமது வாங்கி அடைத்துவிடுவதால், நாம் செய்த குழப்பம் எமக்கே கேட்காது.

இரண்டாவது, ஏயும் பியும் இடம் மாறுவது. இதைத் தவிர்க்க, கேட்பது எப்போதும் ஏ, பேசுவது எப்போதும் பி என்று ஒரே பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பேசப்போகும் மீடிறனைக் கேட்டுப் பார்க்காமல் அழைப்பது. அங்கே ஏற்கனவே வேறு இருவர் பேசிக்கொண்டிருக்கலாம். அவர்களில் ஒருவர் அவசரச் செய்தி சொல்லிக்கொண்டும் இருக்கலாம்.

நான்காவது, வேலை முடிந்ததும் ஸ்பிளிட்டை நிறுத்த மறப்பது. அனர்த்த காலத்தில் மிகவும் ஆபத்தானது இதுதான். அவசர வலையமைப்புகளில் பொதுவாக எல்லோரும் ஒரே மீடிறனில் கேட்டுப் பேசுவார்கள். ஸ்பிளிட் நிறுத்தப்படாத கருவியில் அவர்கள் பேசுவது எமக்குத் தெளிவாகக் கேட்கும். எமது குரலோ யாரும் இல்லாத இடத்துக்குப் போகும். பதில் வராதபோது, எம்மை எவரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஐந்தாவது, பிழை செய்தவரைத் திருத்தப் புறப்படுவது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள சிற்றலை வாங்கியை இணையம் வழியாக எவரும் கேட்கலாம். அதில் நான் கேட்டபோது, ஒருவர் தவறான இடத்தில் அழைத்தார். உடனே நாலைந்து பேர் அதே இடத்தில் “மேலே, மேலே” என்று கத்தினார்கள். ஒரு பிழை சில விநாடிகளில் முடிந்திருக்கும். திருத்தியவர்களின் சத்தம் அதைவிட நீண்டது. மௌனமாக இருப்பதுதான் அங்கே உதவி.

மலையகத்தில் இன்னொரு ஸ்பிளிட்

கையடக்கக் கருவிகளிலும் இதே விதி உண்டு. அவற்றின் அலைகள் மலையைத் தாண்டாது. இரத்தோட்டைப் பக்கம் இருப்பவர் லக்கலவில் இருப்பவருடன் பேச நக்கிள்ஸ் மலைத்தொடர் விடாது. அதனால், உயரமான இடங்களில் ரிப்பீட்டர் எனப்படும் அஞ்சல் நிலையங்களை வைப்பார்கள். ரிப்பீட்டர் ஒரு மீடிறனில் கேட்டு, வேறொரு மீடிறனில் திருப்பி ஒலிபரப்பும். 145 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இரண்டுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும். இந்த இடைவெளியைக் கருவியில் பதியாவிட்டால், ரிப்பீட்டரில் பேசுபவர்கள் எல்லோரும் எமக்குக் கேட்பார்கள், நாம் சொல்வது ரிப்பீட்டருக்குப் போய்ச் சேராது. மண்சரிவுக்கு நடுவில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க வேண்டிய பிழை அல்ல இது. சாதாரண நாளில் ஒரு நண்பரை அழைத்துப் பரிசோதித்து வைக்க வேண்டியது.

இலங்கையில் ஹாம் வானொலியில் பேசுவதற்குப் பரீட்சையில் சித்தியடைந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அது இல்லாமல் கருவி வாங்கிப் பேசுவது சட்டவிரோதம். எமது பகுதிகளில் அதன் விளைவு என்னவாகும் என்பதும் தெரிந்ததே. ஆனால், இணையத்தில் கேட்டுப் பழகுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பாடசாலை மாணவர்களும் இன்றே தொடங்கலாம்.

அனுமதிப்பத்திரம் கிடைத்த பின்னர், பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். நான் எங்கே கேட்கிறேன்? என் குரல் எங்கே போகிறது? அங்கே ஏற்கனவே யாராவது பேசுகிறார்களா? இவற்றைக் கேட்டுப் பார்க்க ஐந்து விநாடிகூட ஆகாது. தொலைபேசி அறுந்த ஒரு நாளில், உறவினரின் செய்திக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த ஐந்து விநாடிதான் வழியைத் திறந்து வைக்கும்.